‘தகராறு’ – ஒரு சொல்லின் வழக்கும் வழுவும்

மேலைத் தாம்பரத்தில் நாம் குடியிருக்கும் தெருவிலிருந்து மாலை மதரஸாவுக்கு வரும் மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு தன் பள்ளிக் கட்டுரை ஏட்டை நம்மிடம் கொண்டுவந்து காட்டினாள். ‘எங்கள் தெரு’ என்பது தலைப்பு. தண்ணீர் லாரி வரும் நாளில் குடங்களின் வரிசையில் நடப்பவற்றை அச்சிறுமி கண்ணால் கண்டவாறே எழுதியிருந்தாள். ‘தகராறு’ என்னும் சொல் கட்டுரையில் மூன்றிடங்களில் வந்திருந்தது. மூன்றையும் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டு, கொச்சை என்றும் அயற்சொல் என்றும் ஓரத்தில் குறித்து, ‘சச்சரவு’ என மாற்றும்படி எழுதியிருந்தார்.

“ஹஜ்ரத், இது நம்ம அரபுச் சொல்லுன்னு வாப்பா சொன்னாங்க. அப்புறம் ஏன் தப்புன்னு போட்டிருக்காங்க?” என்பது அவளுடைய வினா.

வினா சிறிது, விடை சிறிதன்று. இச்சொல் தமிழில் இருக்கத் தக்கதா என்பது ஒரு வழக்கு. இது ‘நம்முடைய’ சொல்லா என்பது இன்னொரு வழக்கு. இவ்விரண்டையும் தாண்டி மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இச்சொல்லை நாம் வழங்கும் இடங்களிலெல்லாம் அது மெய் சொல்லுகிறதா என்பது. முதல் இரண்டைப் பற்றிப் பலரும் பேசுவர். மூன்றாவதைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆயினும் மனிதரைத் தொடுவது அந்த மூன்றாவது வழக்கே என்பது நம் துணிபு.

சொல்லின் பிறப்பை முதலிற் காண்போம். அரபு மொழியில் ‘கர்ர’ என்பது திரும்பி வருதலைக் குறிக்கும் வினை. போர்க்களத்தில் பின்வாங்கிய குதிரைவீரன் மீண்டும் திரும்பிப் பாய்வது ‘கர்ர்’ எனப்படும். விலகி ஓடுவது ‘ஃபர்ர்’ எனப்படும். ‘கர்ரத்’ என்றால் ஒரு தடவை. இவ்வேரினின்று பிறந்தவை ‘தக்ரார்’, ‘தக்ரீர்’ என்னும் சொற்கள். ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்தல் என்பதே அவற்றின் பொருள். சர்க்கரையைப் பலகாற் காய்ச்சித் தூய்மை செய்வதையும், மண்ணெண்ணெயைப் பிரித்தெடுத்துச் சுத்திகரிப்பதையும் அரபியர் ‘தக்ரீர்’ என்றே கூறுவர். வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் உழைத்துத் திரும்பிய நம் சகோதரர்கள் அச்சொல்லை வாயிற் பலகைகளிற் கண்டிருப்பர்.

அரபு மதரஸாக்களில் ஓதியவர்களுக்கு இச்சொல் வேறு வகையிலும் பழக்கமானது. உஸ்தாத் காலையில் நடத்திய பாடத்தை மாணவர்கள் மாலையில் வட்டமாக அமர்ந்து ஒருவருக்கொருவர் மீளச் சொல்லிப் பார்ப்பதுண்டு. உருது வழியில் நடைபெறும் மதரஸாக்களில் அதற்குப் பெயரே ‘தக்ரார்’. குர்ஆன் ஓதும் இலக்கணமாகிய தஜ்வீதிலும் இச்சொல்லின் உறவு உண்டு. ‘ரா’ என்னும் எழுத்துக்குத் ‘தக்ரீர்’ ஒரு பண்பென்று கூறுவர். அதனை ஒலிக்கையில் நா நுனி ஒருமுறை தட்டியதோடு நில்லாது பலமுறை அதிர விரும்பும். அப்பண்பை ஆசிரியர் எடுத்துச் சொல்வது அதனைக் கைக்கொள்வதற்கன்று, அடக்குவதற்கு. நல்ல காரி நாவை ஒரு தட்டோடு நிறுத்தி விடுவார்.

இங்ஙனம் அரபியில் ‘திரும்பச் செய்தல்’ என்றிருந்த சொல், பாரசீக உருது வழக்கில் சச்சரவு என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. உருதுவில் இன்றும் இரு பொருளும் உண்டு. பொருள் எவ்வாறு மாறிற்று என்பதை உய்த்துணர்வது கடினமன்று. ஒருவன் ஒரு சொல் சொன்னான், மற்றவன் மறுத்தான், முன்னவன் சொன்னதையே திரும்பச் சொன்னான், பின்னவனும் மறுத்ததையே திரும்ப மறுத்தான். புதிய செய்தி ஒன்றுமில்லை. பழைய சொல்லே உரத்த குரலில் சுழன்று வருகிறது. அதுதானே சண்டை! முதற் சொல்லால் எந்தச் சண்டையும் பிறப்பதில்லை. திரும்பச் சொல்லும் சொல்லாற் பிறக்கிறது. இவ்வுண்மையைத் தன் பிறப்பிலேயே தாங்கி நிற்கும் சொல் இது.

தமிழுக்கு வந்தபோது இச்சொல் தமிழின் உடையை உடுத்திக்கொண்டது. ககரமும் ரகரமும் இடையில் உயிரின்றிச் சேர்ந்து நிற்றல் தமிழ் நாவுக்கு இயல்பன்று. எனவே ‘தகரா’ என விரிந்தது. ஈற்று மெய் உகரம் பெற்றுத் ‘தகராறு’ ஆயிற்று. வரலாறு, கோளாறு முதலியவற்றோடு ஓசை ஒத்து நின்றமையால் அயலார் என்னும் அடையாளமே தெரியாது போயிற்று. ‘வரலாற்றில்’ என இரட்டித்து எழுதும் நாம் ‘தகராற்றில்’ என எழுதாது ‘தகராறில்’ என்றே எழுதுகிறோமே, இஃது அயற்சொல் என்பதற்கு அது சான்றன்றோ என நண்பர் ஒருவர் கேட்டார். ‘கோளாறு’ என்பதையும் செய்தித்தாள்கள் ‘கோளாறால்’ என்றே எழுதுகின்றன. ஆகவே அச்சான்று நில்லாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இதனை உருது வழியாக வந்த சொல்லெனவே கொள்ளுகிறது. அது போதும்.

இனி முதல் வழக்கிற்கு வருவோம். அயற்சொல் ஆதலால் இது விலக்கத்தக்கதா?

இவ்வினாவை நம் வட்டாரத்தில் எழுப்புவதில் ஒரு பொருத்தம் உண்டு. தாம்பரத்தில் மின்ரயில் ஏறிச் சானடோரியம், குரோம்பேட்டை இரண்டையும் கடந்தால் அடுத்த நிலையம் பல்லாவரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் தமிழாசிரியராக இருந்த சுவாமி வேதாசலம் அவர்கள் 1911இல் அப்பணியை விட்டுப் பல்லாவரத்திற் குடியேறினார். 1916ஆம் ஆண்டளவில் தம் பெயரை மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது அவ்வூரிலிருந்துதான். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ என்னும் இதழும் ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. அவர் விட்டுவந்த கல்லூரியோ 1937இல் நகரத்தை விட்டு நம் தாம்பரத்திற்கே வந்து சேர்ந்தது. தமிழ்ச் சொல்லைப் பற்றிய பெருஞ்சிந்தனை ஒன்று நடந்த மண்ணில் நாம் குடியிருக்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அவ்வியக்கம் தமிழுக்குச் செய்த நன்மையை நாம் மறுப்போமல்லோம். மாவட்டம், வட்டம், கருவூலம், வழக்கறிஞர், பிணை என்பன இன்று இயல்பாக நம் வாயில் வருகின்றன. அவற்றின் இடத்தில் முன்னர் இருந்த ஜில்லா, தாலுகா, கஜானா, வக்கீல், ஜாமீன் ஆகிய ஐந்தும் அரபு வேரினின்று வந்தவை. அவை போனதால் அரபு மொழிக்குக் குறைவு ஒன்றுமில்லை, தமிழுக்கு நிறைவே. இதிற் கோபம் கொள்ள நமக்கு இடமில்லை.

ஆயின், ‘கஜானா’ போகத் ‘தகராறு’ ஏன் போகவில்லை? கஜானா என்பது அலுவலகத்துச் சொல். அரசாணை ஒன்றால் பலகையை மாற்றிவிடலாம். தகராறோ குழாயடியில் வாழும் சொல். குழாயடிக்கு வருவோர் அரசாணை படித்துவிட்டு வாய் திறப்பதில்லை. மேலும், ‘மாவட்டம்’ என்பது ‘ஜில்லா’வின் பொருளை அணுவளவும் குறையாமல் ஏற்றுக்கொண்டது. ‘சச்சரவு’ என்பது தகராறின் பொருள் முழுவதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. இதைத்தான் ஏடு திருத்திய ஆசிரியர் எண்ணிப் பார்க்கவில்லை எனத் தோன்றுகிறது.

தமிழில் இப்பொருள் சார்ந்த சொற்கள் குறைவல்ல. அன்புடையார் இருவரிடையே தோன்றி அன்பாலேயே தீர்வது ஊடல். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவியையும் ஊடலையும் பற்றியனவே. உறவிலோ நட்பிலோ விழும் மனக்கசப்பு பிணக்கு. பழங்காலத்தில் போரின் ஆரவாரத்தைக் குறித்த பூசல், இன்று கட்சிகளுக்குள் நடக்கும் போட்டியைக் குறிக்கிறது. உள்ளத்தில் வேரூன்றிய மாறுபாடு இகல். கை நீளுமாயின் சண்டை. மன்றம் ஏறுமாயின் வழக்கு. சென்னைத் தெருக்களில் வழங்கும் லடாய், கலாட்டா, ரகளை, வம்பு என்பவற்றுக்கும் தனித்தனி நிறம் உண்டு. கலாட்டாவிற் கூச்சல் மிகுதி, பகை குறைவு. வம்பில் தேடிப் போய்த் தொடங்கும் குறும்பு உண்டு.

இவற்றுக்கிடையில் தகராறின் இடம் யாது? கை நீளாத, மன்றம் ஏறாத, ஆயினும் இரு தரப்பும் உரிமை பாராட்டி விட்டுக்கொடாது நிற்கும் நிலையே தகராறு. சண்டைக்கும் வழக்கிற்கும் நடுவிலுள்ள திண்ணை அது. எல்லைத் தகராறு, சொத்துத் தகராறு, பட்டாத் தகராறு, வாய்க்கால் தகராறு என்னும் தொடர்களில் இப்பொருளைத் தெளிவாகக் காணலாம். வேண்டுமென்றே பகை காட்டுபவனைப் பார்த்து, “உனக்கும் எனக்கும் என்ன வாய்க்கால் தகராறா?” எனக் கேட்பதும் இதனாலேயே. வாய்க்காற் கரையில் இருவருக்கும் நிலம் உண்டு. இருவருக்கும் நீர் வேண்டும். இருவர் சொல்லிலும் ஏதோ ஒரு நியாயம் உண்டு.

இதினின்று வேறு பொருள்களும் கிளைத்தன. ‘தகராறு இல்லாமல் பணத்தைக் கொடுத்தான்’ என்றால் தடை சொல்லாமற் கொடுத்தான் என்பது. ‘கணக்கில் தகராறு’ என்றால் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்பது. ‘மோட்டார் தகராறு பண்ணுகிறது’ என்றால் பொறி பழுது என்பது. மலையாளத்தில் ‘தகராறு’ என்றால் பழுது என்னும் பொருளே முன்வந்து நிற்கும். கன்னடத்தில் ‘தகராரு’ என்பது ஆட்சேபத்தையும் குறிக்கும். ஒரே தாயின் மக்கள் பல வீடுகளில் வாழ்க்கைப்பட்டு, அவ்வவ்வீட்டின் குணத்தை ஏற்றுக்கொண்டதுபோல இச்சொல் தென்னாடெங்கும் வாழ்கிறது. ‘மோட்டார் சச்சரவு பண்ணுகிறது’ என எவரேனும் சொல்வரா?

இரண்டாவது வழக்கு, நம்மவர் செய்வது. “அரபுச் சொல்; ஆகவே நம் சொல்” என்று அச்சிறுமியின் தந்தையார் பெருமைப்பட்டதைக் குறிப்பிட்டோம். அப்பெருமையை நாம் ஏற்பதற்கில்லை. தகராறு என ஓர் அரபியரிடம் சொல்லிப் பாருங்கள். எதைத் திரும்பச் செய்யவேண்டும் என்று அவர் கேட்பார். சண்டைக்கு அவர் மொழியில் கிஸாம், நிஸாஉ, ஷிஜார், ஜிதால் எனப் பல சொற்கள் உண்டு. தக்ரார் அவற்றுள் ஒன்றன்று.

நம் முன்னோராகிய புலவர்கள் அரபுச் சொற்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த வழி வேறு. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியதாகக் கூறப்படும் வண்ணப்பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’வை எடுத்துக்கொள்வோம். ‘மஸ்அலா’ என்றால் வினா. அச்சொல் தமிழில் மசலா என்று நூற்பெயராக வந்தபோதும் வினா என்னும் பொருளை இழக்கவில்லை. முனாஜாத்து இறைவனிடம் முறையிடலாகவே நின்றது. கிஸ்ஸா கதையாகவே நின்றது. கற்றோர் அறிந்து கொணர்ந்த சொற்கள் அவை. தகராறோ அவ்வாயிலாக வந்ததன்று. நிலவரி, நியாயத்தலம், கச்சேரி ஆகியவற்றில் பாரசீகமும் உருதுவும் ஆட்சிமொழியின் செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், வசூல், பாக்கி, அசல், நகல், ஜப்தி, ரத்து என்பவற்றோடு சேர்ந்து அலுவலர் வாயிலிருந்து குடிகள் வாய்க்கு வந்த கூட்டத்தைச் சேர்ந்தது. வேர் அரபு, வளர்ந்தது உருதுவில், குடிபுகுந்தது தமிழில். குடிபுகுந்தபின் அது எல்லாத் தமிழருக்கும் பொது. பிறர் அதை அயலென்று தள்ளுவது எவ்வளவு பிழையோ, நாம் அதை நமதென்று தனியே அள்ளிக்கொள்வதும் அவ்வளவு பிழையே.

இனி மூன்றாவது வழக்கு. இதைச் சொல்லுமுன் நாம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தென்புறநகரின் ஒரு மஹல்லாவில், நம் கையெழுத்துத் திருத்தமாக இருக்கும் என்பதனால், முறையீடுகளைப் பதிவேட்டில் எழுதும் பணியை நம்மிடம் ஒப்படைத்திருந்தனர். ஒருநாள் அஸருக்குப் பின் இளம்பெண் ஒருத்தி தன் தாயாருடன் வந்தாள். இடக்கண்ணின் கீழ் வீங்கியிருந்தது. கணவன் அடித்ததாகவும், தாய்வீட்டார் போட்ட நகைகளைக் கேளாமலே எடுத்து அடகு வைத்ததாகவும், கேட்டதற்கு மீண்டும் அடித்ததாகவும் சொன்னாள். நாம் கேட்டோம், வருந்தினோம், பிறகு பதிவேட்டைத் திறந்து, வழக்கம்போலப் ‘பொருள்’ என்னும் கட்டத்தில் ‘குடும்பத் தகராறு’ என எழுதினோம்.

அப்பெண் படித்தவள். எட்டிப் பார்த்தாள். “ஹஜ்ரத், நான் தகராறு பண்ணலையே. அடிதானே வாங்கினேன். இப்படி எழுதினா நானும் சேர்ந்து பண்ணின மாதிரி ஆயிடுதே” என்றாள். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “ரெண்டு கையும் தட்டினாத்தானே அம்மா ஓசை வரும்” என்றார். அவள் பேசாதிருந்தாள். “எப்போதும் இப்படித்தான் எழுதுவது வழக்கம்” என்று சொல்லி நாம் ஏட்டை மூடினோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இரு கை தட்டினால்தான் ஓசை வரும் என்பது கைதட்டலுக்குப் பொருந்தும். கன்னத்தில் அறைவதற்கு ஒரு கை போதும், ஓசையும் வரும். பெரியவர் பழமொழியைப் பிழையாக ஆண்டார். நாமோ சொல்லையே பிழையாக ஆண்டோம். அவர் பிழை காற்றோடு போயிற்று. நம் பிழை மையில் நின்றது.

தகராறு என்னும் சொல் இருவரைக் கேட்கும். இருவரும் பேசவேண்டும், இருவரும் திரும்பப் பேசவேண்டும், இருவருக்கும் ஒரு பிடிவாதம் இருக்கவேண்டும். அச்சொல்லை எழுதிய கணமே இருவரும் ஒரே தராசில் ஒரே அளவில் வைக்கப்பட்டு விடுகின்றனர். எவர் பக்கமும் சாயாத நடுநிலைச் சொல்போல் அது தோன்றும். உண்மையில், விசாரிப்பதற்கு முன்பே இருவர் மேலும் குற்றம் உண்டு எனச் சொல்லிவிடும் தீர்ப்பு அது.

அடுத்த மாதம் வேறொரு பெண் அதுபோன்ற குறையுடன் வந்தபோது, ‘கணவன் அடித்ததாக மனைவியின் முறையீடு’ என எழுதினோம். குழுவினர் சிலர் ஆட்சேபித்தனர். “இன்னும் விசாரணையே நடக்கவில்லையே, அடித்தான் என்று எப்படி எழுதலாம்?” என்றனர். நியாயமான கேள்வி. ‘அடித்தான்’ என நாம் எழுதவில்லை; அடித்ததாக அவள் முறையிடுகிறாள் என்றே எழுதியிருக்கிறோம்; அவள் முறையிட்டது மெய்தானே என விடையிறுத்தோம். விசாரணைக்கு முன் எழுதத்தக்கது அதுவே. ‘தகராறு’ என எழுதியிருந்தால்தான் விசாரியாமல் எழுதியதாகும். குழுவினர் ஒத்துக்கொண்டனர். முன்னம் வந்த அப்பெண்ணின் பதிவையும் திருத்திவிட விரும்பினோம். அதற்குள் அவள் தாயாரோடு வேறூர் போய்விட்டாள். ஏட்டில் நம் எழுத்து அப்படியே இருக்கிறது.

இது நம் ஏட்டில் மட்டும் உள்ள குறையன்று. நாள்தோறும் செய்தித்தாள்களைப் புரட்டுக. கணவனால் வெட்டுண்ட மனைவியின் செய்திக்கும் ‘குடும்பத் தகராறு’ என்பதே முகவுரை. வெட்டியவனும் வெட்டுண்டவளும் ஒரு சொல்லின் நிழலில் ஒன்றாக அமர்த்தப்படுகின்றனர். படிப்பவரும், ‘ஏதோ வீட்டுச் சண்டை’ என்று அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகின்றனர். பத்திரிகையாளர் தீய எண்ணத்தால் எழுதுகின்றனர் எனச் சொல்லோம். கைக்கு எளிதில் வரும் சொல் இது. எளிதில் வருவதாலேயே எழுதும் கையைக் கேள்வி கேளாது விட்டுவிடுகிறது.

சட்டமோ இவ்விடத்தில் நம்மை முந்திவிட்டது. மனைவியைக் கணவனும் அவன் உறவினரும் துன்புறுத்துவதற்கு 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்திற் புதிதாகச் சேர்க்கப்பட்ட 498அ பிரிவு, அச்செயலைக் ‘கொடுமை’ எனப் பெயரிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 85ஆம் பிரிவாக அது நிற்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் ‘குடும்ப வன்முறை’ என்றது. கொடுமை என்றால் செய்பவன் ஒருவன், படுபவள் ஒருத்தி. வன்முறை என்றாலும் அவ்வாறே. இரண்டிலும் தராசு இல்லை. கை யாருடையது என்னும் வினா உண்டு.

இன்னொரு வியப்பும் உண்டு. இதே தக்ரார் மராத்தி மொழிக்கும் சென்றது. அங்கே அதன் பொருள் சண்டை என்பதினும் புகார் என்பதே. மும்பையில் அடிபட்ட பெண் காவல் நிலையம் சென்றால் அவள் கொடுப்பது ‘தக்ரார்’, அது அவளுடையது, அவள் உரிமை. அப்பெண்ணே தமிழ்நாட்டில் காவல் நிலையம் சென்றால் அவள் சிக்கியிருப்பது ‘தகராறு’; அது இருவருடையது; அவள் தலையிலும் பாதி. ஒரே வேரினின்று பிறந்த சொல் ஓரிடத்தில் அவள் கையிற் கோலாகவும், ஓரிடத்தில் அவள் காலில் தளையாகவும் ஆயிற்று.

திருக்குர்ஆனை ஓதும் நமக்கு இதில் ஐயமே எழலாகாது. 58ஆம் அத்தியாயத்திற்குப் பெயர் ‘அல் முஜாதலா’. ‘முஜாதிலா’ எனவும் ஓதுவர். வாதாடல் என்றும் வாதாடிய பெண் என்றும் முறையே பொருள்படும். அப்பெண்மணி கவ்லா பின்த் ஸஃலபா (ரலி). அவர் கணவர் அவ்ஸ் (ரலி) அறியாமைக் காலத்து வழக்கப்படி, நீ எனக்குத் தாயைப் போன்றவள் எனச் சொல்லி அவரை விலக்கிவிட்டார். விவாகரத்தும் இல்லை, வாழ்க்கையும் இல்லை என்னும் நிலை. கவ்லா அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். உடனே சாதகமான விடை கிடைக்கவில்லை. அவர் போய்விடவில்லை; தம் குறையை மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தார். பின்னரே வசனங்கள் இறங்கின. அவ்வாறு சொன்ன கணவன் மனைவியைத் தீண்டுமுன் ஓர் அடிமையை விடுதலை செய்யவேண்டும். இயலாவிடில் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்கவேண்டும். அதுவும் இயலாவிடில் 60 ஏழைகளுக்கு உணவளிக்கவேண்டும் எனச் சட்டமாயிற்று.

கவ்லா அவர்கள் செய்ததும் தக்ரார்தான். ஆனால் அரபுப் பொருளில். திரும்பத் திரும்பச் சொன்னார். அதனைத் தமிழ்ப் பொருளில் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதி எவரும் ஏட்டை மூடவில்லை. அம்முறையீடு கேட்கப்பட்டது, ஓர் அத்தியாயத்தின் பெயராகவும் நின்றது. நம் பதிவேட்டை நினைக்குந்தோறும் இதனையும் நினைத்து நாம் தலைகுனிகிறோம்.

அவ்வாறாயின் தகராறு என்னும் சொல்லை விலக்கிவிடலாமா எனின், வேண்டா. அதற்குரிய இடத்தில் அது மாண்புள்ள சொல். 1947ஆம் ஆண்டுச் சட்டம் தமிழில் ‘தொழில் தகராறுகள் சட்டம்’ என்றே நெடுங்காலம் வழங்கியது. தொழிலாளர் தம் கோரிக்கையைத் தொழில் தகராறாக எழுப்பலாம் என்றபோது, அச்சொல் அவர்களைத் தாழ்த்தவில்லை, உயர்த்தியது. முதலாளியின் முன் கைகட்டி நின்றவன், அவனுக்கு எதிரே ஒரு தரப்பாக நாற்காலியில் அமர்ந்தான். தராசில் ஏற்றுவதே தகராறின் தொழில். எளியோனை வலியோனுக்கு ஒப்ப அமர்த்துங்கால் அது நீதி. அடித்தவனை அடிபட்டவளுக்கு ஒப்ப அமர்த்துங்கால் அதுவே அநீதி. சொல் ஒன்றே; அதனை வைக்கும் இடமே வேறு.

இருவரும் ஒப்ப நிற்கும் இடங்களிலோ, அச்சொல்லின் பழம்பொருள் நமக்கு நல்ல மருந்து. காலை மின்ரயிலில் சன்னலோர இருக்கைக்காக எழும் தகராறும், பேருந்தில் சில்லறைக்காக எழும் தகராறும், இரண்டாவது சொல்லோடு நின்றிருந்தால் தகராறே ஆகியிரா. தஜ்வீத் ஆசிரியர் ‘ரா’வுக்குச் சொல்லும் விதியை நாம் நாவுக்கே விதியாகக் கொள்ளலாம்: ஒரு தட்டு போதும், அதிரவிடாதே. அப்படியும் அதிர்ந்துவிட்டால், தகராறு வந்த அதே கப்பலில் ‘ராஜி’யும் ‘பைசலு’ம் வந்திருக்கின்றன. ராஜி என்பது மனம் ஒப்புதல். பைசல் என்பது பிரித்துத் தீர்த்தல். இவையும் அரபு வேரினவே. நோயைக் கொணர்ந்த மொழி மருந்தையும் கொணர்ந்திருக்க, நோயின் பெயரை மட்டும் நாள்தோறும் வழங்கி மருந்தின் பெயர்களை மறந்துவருகிறோம். ராஜிநாமா என்னும் ‘இணக்கப் பத்திரம்’கூடப் பதவியை விட்டு விலகும் கடிதமாகிவிட்டது!

இறுதியாக அச்சிறுமியின் ஏட்டிற்கு வருவோம். மூன்று வட்டங்களையும் அவளோடு அமர்ந்து படித்தோம்.

முதலிடத்தில், வரிசையில் யார் குடம் முன்னது என இரு பெண்கள் வாதாடினர் எனத் தகராறு வந்திருந்தது. “இது சரி அம்மா, இருவருக்கும் குடம் உண்டு, இருவருக்கும் தண்ணீர் வேண்டும். இதனை ஆசிரியரிடம் பணிவாகச் சொல்” என்றோம். இரண்டாமிடத்தில், லாரியின் மோட்டார் தகராறு செய்தது என்றிருந்தது. “இதுவும் சரி. வேண்டுமானால் ‘பழுதாயிற்று’ என மாற்றிக்கொள், ‘சச்சரவு’ மட்டும் பொருந்தாது” என்றோம். மூன்றாமிடத்தில், குடித்துவிட்டு வந்த ஒருவன் வரிசையில் நின்ற மூதாட்டியிடம் ‘தகராறு செய்தான்’ என்றிருந்தது.

“இங்கே என்ன நடந்தது?” எனக் கேட்டோம்.

“பாட்டி ஒண்ணுமே சொல்லலை ஹஜ்ரத். அவன் குடத்தைப் பிடுங்கி எறிஞ்சு, அவங்களையும் அடிச்சான்.”

“ஆசிரியர் வட்டமிட்ட காரணம் வேறு. ஆனால் இந்த ஒரு வட்டம் இருக்கட்டும் அம்மா. நடந்ததை நீ இப்போது என்ன சொல்லாற் சொன்னாயோ அதையே எழுது” என்றோம்.

எழுதுகோலை எடுத்து அச்சொல்லை அடித்துவிட்டு, அதன் மேலே ‘அடித்தான்’ என எழுதினாள். அது தமிழ்ச்சொல், மெய்யும் அதுவே.